காலியாக இருந்தபோது சரியாக வேலை செய்த அலமாரி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "துணி உலர்த்தும் மெஷினில் சூடு பார்க்கிற சென்சார் போய்விட்டதா இல்லையா என்று எப்படி சார் நிச்சயமாகச் சொல்வது? மீட்டரில் வைத்தால் சரியாகக் காட்டுகிறது. துணி போட்டால் கருகுகிறது."

அப்போது ஏதோ ஒப்புக்கு ஒரு பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது போதாது என்று தோன்றியது. ஏனென்றால் இதே கேள்வி இரண்டாம் உலக யுத்த காலத்தில் மயிலாப்பூரில் ஒரு வீட்டில் எனக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. அன்று நான் சொன்ன பதில் தப்பு. தப்பு என்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதனால் ஒருத்தருக்கு வேலை போயிற்று. அந்தக் கதையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அதில் நான் அவ்வளவு நல்லவனாக வரமாட்டேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ராயப்பேட்டையில் ஒரு மின்சாமான் ரிப்பேர் கடையில் மெக்கானிக். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் உருது பேசுவார், கடையில் மெட்ராஸ் தமிழ். கப்பலில் யுத்தச் சாமான் தவிர வேறெதுவும் வராத நாட்கள் அவை. ஒரு உதிரி பாகம் கெட்டால் புதிது கிடைக்காது. பழைய இயந்திரங்களை உடைத்து அவற்றிலிருந்து எடுத்துப் போடுவோம். பாய் கடையின் பின்கட்டு முழுவதும் அப்படிப்பட்ட எலும்புக்கூடுகள்தான்.

எங்கள் வாடிக்கைக்காரர்களில் ஒரு டாக்டரம்மா இருந்தார். மயிலாப்பூர் மாடவீதியிலிருந்து கொஞ்சம் தள்ளி வீடு. மாடியில் குடித்தனம், கீழே முன்கூடத்தில் நான்கு கட்டில் போட்டுப் பிரசவம் பார்த்தார். குண்டு விழும் என்று ஊரே காலியானபோது அடையாறிலிருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கையில் அகப்பட்டதை விற்றுவிட்டுப் போயிற்று. அவர்களிடம் டாக்டரம்மா வாங்கியதுதான் அந்தத் துணி உலர்த்தும் அலமாரி. ஆள் உயரத்துக்கு இரும்புப் பெட்டி. அடியில் சூட்டுக் கம்பிகள். அவற்றின்மேல் ஓட்டை போட்ட தகடு. உள்ளே இரண்டு வரிசையில் குறுக்குக் கம்பிகள். துணியை அவற்றில் போட்டுக் கதவைச் சாத்த வேண்டும். இடப்பக்கச் சுவரில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழல் பொருத்தியிருக்கும். உள்ளே சூடு ஏறினால் அதிலுள்ள திரவம் விரியும். மெல்லிய செப்புக் குழாய் வழியாக வெளியே இருக்கும் சுவிட்சைத் தள்ளும், கம்பிகள் அணையும். சூடு இறங்கினால் மறுபடி பற்றும். நீங்கள் இன்று சென்சார் என்று சொல்கிற வேலையை அந்தப் பித்தளைக் குழல் செய்தது.

மெட்ராஸ் வெயிலில் துணி உலர்த்த மின்சாரமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஐப்பசி வந்தபோது பதில் தெரிந்தது. நாள் கணக்கில் மழை விடாது. நான்கு குழந்தைகள் மணிக்கொரு முறை நனைக்கும் மெல்லிய மல் துணிகளை எங்கே காயப்போடுவது? அந்த அலமாரி இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு ஈரத்துணிதான்.

அதைப் பார்த்துக்கொண்டவள் கன்னியம்மா. நொச்சிக்குப்பத்துக்காரி, என் வயதுதான் இருக்கும். பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, துணி அலசுவது, உலர்த்துவது எல்லாம் அவள் பொறுப்பு.

அலமாரி வந்த இரண்டாவது வருஷம், மழைக்காலத்தின் தொடக்கத்தில் டாக்டரம்மா சொல்லியனுப்பினார். போனேன். ஒரு மூங்கில் கூடை நிறைய மல் துணிகளை என் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றிலும் பழுப்புக் கோடு. சிலவற்றில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள் இப்படி ஆறது. மத்த நாள் ஒண்ணுமில்லை. என்னன்னு பாருங்கோ" என்றார்.

அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழை வழக்கமான மூன்றாவது கோட்டில் வைத்து, போட்டுப் பார்த்தேன். சரியான சூட்டில் சுவிட்ச் 'டக்' என்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி பற்றியது. மூன்று தடவை, நான்கு தடவை. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு பிசகு இல்லை. எனக்கு அந்த இயந்திரத்தைத் தெரியும் என்ற நினைப்பு வேறு. கோடையில் நான்தான் அதைப் பிரித்துச் சுத்தம் செய்திருந்தேன்.

டாக்டரம்மா கூடத்தின் நடுவில் நின்று கேட்டார். கட்டில்களில் படுத்திருந்த பெண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மெஷின் தப்பா, போடறவா தப்பா? ஒரு வார்த்தையில சொல்லுங்கோ. எனக்கு நேரமில்லை."

கன்னியம்மா கையில் ஈரத்துணியோடு வாசற்படியில் நின்றாள். "சார், துப்பட்டி போடற அன்னிக்குத்தான் தீயுது. மத்த நாளு ஒண்ணும் ஆவல" என்றாள்.

துப்பட்டி என்றால் கட்டிலில் விரிக்கிற கனத்த விரிப்பு. விரிப்புக்கும் பிள்ளைத்துணி கருகுவதற்கும் என்ன சம்பந்தம்? விரிப்பில் ஒரு கருகல்கூட இல்லை. சீக்கிரம் காயட்டும் என்று குமிழைத் திருப்பி வைத்துவிட்டு இப்போது ஏதோ சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லைங்க. யாரோ குமிழைத் திருப்பறாங்க" என்றேன்.

யாரோ என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த வீட்டில் அலமாரியைத் தொடுகிறவள் ஒருத்திதான் என்பது கட்டிலில் படுத்திருந்தவர்களுக்குக்கூடத் தெரியும். கன்னியம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள், கையிலிருந்த துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் பொய் சொல்லவில்லை. சோதித்தேன், சோதனையில் தேறியது, அதைச் சொன்னேன். ஆனால் நான் சோதித்தது காலி அலமாரியை. காலி அலமாரியை யார் உபயோகிக்கிறார்கள்?

பத்து நாள் கழித்து ஒரு காலை, கடைக்கு டெலிபோன் வந்தது. பாய் எடுத்துக் கேட்டுவிட்டு முகம் மாறி என்னிடம் திரும்பினார். "மயிலாப்பூர் டாக்டரம்மா ஊட்ல பொகை வந்துகீதாம். சீக்கிரம் போ நைனா."

மழை அப்போதுதான் விட்டிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். வீட்டில் நுழையும்போதே கருகல் வாடை. முன்கூடத்து ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். யுத்த இருட்டடிப்புக்காகக் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதம் காற்றில் படபடத்தது. இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அலமாரியின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே, கீழ்வரிசையில், மல் துணிகள் கறுத்துச் சுருண்டு கிடந்தன.

டாக்டரம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நானேதான் போட்டேன்" என்றார். "அவ போனதுலேர்ந்து நான்தான் போட்டுண்டிருக்கேன். குமிழைத் தொடவே இல்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நெருப்பே பிடிச்சிருக்கும். மெயின் சுவிட்சை அணைச்சேன்." பிறகு கட்டில்களில் ஒன்றைக் காட்டினார். "அந்தக் குழந்தை குறைமாசத்துல பொறந்தது. ஈரம் பட்டா தாங்காது. சாயந்திரத்துக்குள்ள எனக்குக் காஞ்ச துணி வேணும். இல்லைன்னா இந்தப் பொட்டியைத் தெருவுல தூக்கிப் போட்டுடறேன்."

அங்கிருந்தே பாய்க்கு டெலிபோன் செய்தேன். ரொட்டி சுடும் பழைய அடுப்பிலிருந்து கழற்றிய ஒரு சூட்டு சுவிட்ச் பின்கட்டில் இருப்பதாக அவர் சொன்னார். "அத்த மாட்டிட்டு வந்துடு. பழசு பூட்ச்சின்னு சொல்லு. அவ்ளதான."

எவ்வளவு வசதியான வழி பாருங்கள். பாகத்தை மாற்றினால் எல்லோருக்கும் திருப்தி. பழையது கெட்டுவிட்டது என்றால் யார் மீதும் குற்றமில்லை, என் மீதும் இல்லை. பத்து நாளுக்கு முன்னால் நன்றாக இருந்தது, அப்புறம் கெட்டது. யாராவது கேள்வி கேட்பார்களா?

என்னைத் தடுத்தது நேர்மை என்று சொன்னால் அது புளுகு. எனக்குப் புரியவில்லை, அதுதான் தடுத்தது. காலி அலமாரியை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே 'டக்', அதே ஒழுங்கு. எதிரே கருகிய துணி கிடக்கிறது, சுவிட்சோ ஒன்றுமே நடக்காததுபோல விழுந்து எழுகிறது. பல்லில் மாட்டிய நார் போல அது என்னை உறுத்தியது.

உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று தெரிந்தால் தேவலை என்று பட்டது. டாக்டரம்மாவிடம் ஜுரமானி கேட்டேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அது நூத்திப் பத்துக்கு மேல போனா வெடிச்சுடும். மனுஷாளுக்குன்னு பண்ணினது. இருக்கறதே ரெண்டு, இந்தச் சமயத்துல வேற கிடைக்காது" என்றவர், கொஞ்சம் யோசித்து மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து நீட்டினார். "இதை வெச்சுப் பாக்க முடியுமோ?"

அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். வர்த்தியைத் துண்டு துண்டாக நறுக்கி, மருந்து டப்பா மூடிகளில் ஒவ்வொன்றாக வைத்து, அலமாரியின் மேலே, கீழே, பித்தளைக் குழலின் பக்கத்தில் என்று பரப்பினேன். காலி அலமாரியில் எல்லாத் துண்டுகளும் ஒரே மாதிரி விளிம்பு மழுங்கி இளகின. ஒன்றும் வழிந்து ஓடவில்லை. சூடு சமமாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் காலியாக இருக்கும்போது இல்லாத ஏதோ ஒன்று துணி போடும்போது வருகிறது. எந்தத் துணி? எப்படிப் போட்ட துணி? "இன்னிக்கு என்னென்ன போட்டீங்க?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அவர் நினைவுபடுத்திச் சொன்னார்: குழந்தைத் துணிகள், இரண்டு துண்டு, அத்தனை நாள் வண்ணானுக்குப் போட்டுவிட்டு இன்றைக்குத்தான் முதல் தடவையாக அலமாரியில் போட்ட ஒரு துப்பட்டி.

அந்தச் சொல்லைக் கேட்டதும் வாசற்படியில் ஈரத்துணியோடு நின்ற கன்னியம்மாவின் குரல் காதில் விழுந்தது போலிருந்தது. எங்கே போகிறேன் என்று சொல்லாமல் சைக்கிளை எடுத்தேன்.

மயிலாப்பூரிலிருந்து நொச்சிக்குப்பம் கூப்பிடு தூரம். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் கட்டுமரங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. ரோட்டோரத்தில் ஒரு கோணியை விரித்து, கருவாட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா மெக்கானிக்கு, கருவாடு வாங்க வந்தியா?"

"இல்ல. ஒண்ணு கேக்கணும். துப்பட்டி போடற அன்னிக்குத்தான் தீயுதுன்னு சொன்னியே."

"சொன்னேன். நீ கேட்டியா?"

ஓலையால் ஈக்களை ஓட்டிக்கொண்டே சிறிது நேரம் அவள் என்னைக் காக்க வைத்தாள். காக்க வைக்க அவளுக்கு உரிமை இருந்தது. பிறகு, "சரி, இன்னா ஆச்சி?" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். புகை என்றதும், "கொயந்தைங்களுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"துப்பட்டி நீட்டு. இடது கைப் பக்கம் கம்பி நீட்டா கீது, அதுல தான் போட முடியும். ஈரத் துணியா, செவுத்துல போய் ஒட்டிக்கும். அங்க ஒரு பித்தாள கொம்பு கீதுல்ல, அது மேல அப்பிக்கும். அன்னிக்கு இந்தப் பக்கம் பிள்ளத்துணி தீஞ்சி பூடும். துப்பட்டி மட்டும் ஒண்ணும் ஆவாது. நானும் எத்தினியோ நாளு பார்த்துட்டேன்."

"முன்னாடி வருஷம் இப்படி ஆகலையா?"

"முன்ன அந்தக் கொம்பு மேல தகரத்துல ஒரு கூடு இருந்திச்சி, ஓட்ட ஓட்டயா. துணி அது மேல படும், கொம்பு மேல படாது. இப்ப அத்தக் காணோம். எங்க பூட்ச்சோ."

அது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். கோடையில் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்தக் கூட்டின் ஓட்டைகளெல்லாம் பஞ்சு அடைத்துக் கிடந்தன. அதன் திருகாணி துருப்பிடித்து முறிந்துவிட்டது. அலங்காரத்துக்கு வைத்தது போலிருக்கிறது, இது இல்லாவிட்டால் குழலுக்குச் சூடு இன்னும் நன்றாகத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குப்பையில் எறிந்துவிட்டேன். ஒரு பொருள் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதைக் கழற்றுவதைவிடப் பெரிய திமிர் நம் தொழிலில் இல்லை. அன்று அது திமிர் என்று எனக்குத் தெரியவில்லை. சுறுசுறுப்பு என்று நினைத்திருந்தேன்.

"அந்தக் கூட்ட நான்தான் எடுத்தேன்" என்று அவளிடம் சொன்னேன்.

கன்னியம்மா கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. "அப்ப போய் அத்த அங்க சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வந்ததும் டாக்டரம்மாவைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். ஒரு துப்பட்டியை நனைத்துப் பிழிந்து இடப்பக்கக் கம்பியில் தொங்கவிட்டேன். அவள் சொன்னபடியே அது சுவரோடு போய் ஒட்டி, பித்தளைக் குழலைப் போர்த்திக்கொண்டது. மெழுகுத் துண்டுகளை முன்போலவே வைத்தேன். பிள்ளைத்துணி போடவில்லை. கை மெயின் சுவிட்சின் மேலேயே இருந்தது.

வழக்கமாக 'டக்' என்று விழ வேண்டிய நேரம் வந்தது, போயிற்று. சுவிட்ச் விழவில்லை. கதவை லேசாகத் திறந்து பார்த்தோம். கீழ்வரிசை மெழுகு தண்ணீராக உருகி மூடியிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. மேல்வரிசையும் உருகிவிட்டது. துப்பட்டிக்குப் பின்னால், குழலை ஒட்டி வைத்த துண்டு மட்டும் வைத்தபடியே கெட்டியாக இருந்தது. மெயினை அணைத்தேன்.

நாங்கள் இருவரும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். மண்பானையில் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான். ஈரம் காயும்வரை ஈரம் பட்ட இடம் குளிர்ந்தே இருக்கும். அந்தக் குழல் தன்னைச் சுற்றி எவ்வளவு சூடு என்பதைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஈரத்துணி. அலமாரியின் மற்ற இடமெல்லாம் அடுப்பாகிக்கொண்டிருந்தது அதற்கு எப்படித் தெரியும்? சென்சார் பொய் சொல்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், அது எதைத் தொட்டுக்கொண்டு பேசுகிறது என்று பாருங்கள். உங்களில் அந்தக் கேள்வி கேட்டவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

டாக்டரம்மா என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டார். "வேர்வை காயற வரைக்கும் உடம்பு சில்லுனு இருக்கறாப்பல" என்றார். அடுத்த மூச்சில், "போன வருஷம் ஏன் இப்படி ஆகலை?" என்று கேட்டார்.

இந்த இடத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும் என்று இத்தனை நேரம் சுற்றி வந்தேன். அந்தக் கேள்விக்கு இரண்டு பதில் இருந்தது. இரண்டுமே இயந்திரக் கணக்கில் சரியான பதில். 'இதுமேல ஒரு மூடி இருந்திருக்குங்க, துருப்பிடிச்சு விழுந்திருக்கு' என்பது ஒன்று. அதைச் சொன்னால் முடிந்தது. திருகாணி துருப்பிடித்து முறிந்தது உண்மைதானே? வாய் வரைக்கும் அது வந்துவிட்டது. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றவர் பத்து நாளாகத் தன் கையாலேயே துணி மாட்டியவர், தான் ஒருத்தியை அநியாயமாக வெளியே அனுப்பிவிட்டோமோ என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருப்பவர். துரு என்று நான் சொன்னால் அவரும் நிம்மதியாக மூச்சு விடுவார்.

"கோடையில சுத்தம் பண்ணும்போது நான் கழட்டிப் போட்டுட்டேன்" என்றேன். "எதுக்குன்னு தெரியாமலே போட்டுட்டேன். கன்னியம்மா மேல ஒரு தப்பும் இல்லைங்க. அவங்க அன்னிக்குச் சொன்னதுதான் சரி."

ஒரு குழந்தை சிணுங்கியது, டாக்டரம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "முதல்ல அலமாரியைச் சரி பண்ணுங்கோ" என்றார்.

காலி பால்மாவு டின் ஒன்றை வெட்டி, ஆணியால் ஓட்டை ஓட்டையாக அடித்து, குழலைச் சுற்றி நான்கு விரற்கடை இடைவெளி விட்டு ஒரு கூடு செய்தேன். இந்தத் தடவை முறியாத இரண்டு திருகாணி. நனைந்த துப்பட்டி, ஈரப் பிள்ளைத்துணிகள், மெழுகுத் துண்டுகள், மூன்றையும் ஒன்றாக வைத்து ஒரு சுற்று ஓட்டினேன். சுவிட்ச் நேரத்துக்கு விழுந்தது. மாலைக்கு முன்னால் குறைமாதப் பிள்ளையைக் காய்ந்த துணியில் சுற்றிப் படுக்க வைத்தார்கள்.

கடைக்குப் போய் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடையின் பெயர் கெட்டுவிட்டது என்று சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு பழைய மின்விசிறியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அந்தப் பொம்பளகிட்ட?"

"அவங்ககிட்ட முதல்லயே."

"நீ அன்னிக்கு எங்க நின்னு சொன்ன, மெஷின்ல தப்பு இல்லன்னு?"

"கூடத்துல. எல்லார் முன்னாடியும்."

"அப்ப இன்னும் சொல்லல" என்று சொல்லிவிட்டு விசிறியைத் தொடர்ந்து துடைத்தார்.

மறுநாள் காலை நொச்சிக்குப்பம் போனேன். டாக்டரம்மா வேலைக்குத் திரும்பி வரச் சொல்லியிருக்கிறார் என்று கன்னியம்மாவிடம் தெரிவித்தேன். அவள் சந்தோஷப்படவில்லை. என்னோடு வந்தாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

கூடத்தில், பத்து நாளுக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் நின்று சொன்னேன். இயந்திரத்தைக் கெடுத்தது நான், துணி கருகியதற்குக் காரணம் நான், கன்னியம்மா குமிழைத் தொடவில்லை. சொல்லி முடித்தபோது கட்டிலில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் யாருக்கும் பத்து நாளுக்கு முன்னால் அங்கே நடந்தது தெரியாது.

கன்னியம்மா அதைக் கவனித்துவிட்டாள். "அன்னிக்கு கேட்டவங்க எல்லாம் ஊட்டுக்குப் பூட்டாங்க, சார்" என்றாள். "அந்தக் கடைசிக் கட்டில்ல அடையாத்து அம்மா ஒருத்தங்க இருந்தாங்க. கொயந்தய குளிப்பாட்ட மூணு மாசம் எங்க ஊட்டுக்கு வந்து இருன்னு கேட்டாங்க. வரேன்னு சொல்லியிருந்தேன். நீ சொன்னதுக்கு அப்பால, வேணாம்னுட்டாங்க. கவனமில்லாத ஆளுகிட்ட பிள்ளய எப்படிக் குடுக்கறதுன்னு கேட்டாங்க."

டாக்டரம்மாவுக்கு இது தெரிந்திருக்கவில்லை. அவர் மேஜைக்குப் போய் நோட்டைப் புரட்டி, டெலிபோனில் ஒரு நம்பர் கேட்டார். இணைப்பு கிடைத்ததும், "நான் மயிலாப்பூர் டாக்டர் பேசறேன். உங்ககிட்ட ஒருத்தர் ஒரு விஷயம் சொல்லணும்" என்று சொல்லி ரிசீவரை என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்கோ."

இன்றுவரை எத்தனையோ பேரிடம் எத்தனையோ கோளாறுகளை விளக்கியிருக்கிறேன். முகம் தெரியாத ஒரு பெண்ணிடம், கூடமே கேட்டுக்கொண்டிருக்க, அந்த நாலு வார்த்தை சொன்னதுதான் அதில் கஷ்டமானது. ஈரத்துணி, குழல், தகரக் கூடு என்று ஆரம்பித்தேன். எனக்கே என் பேச்சு தப்பிக்கிற பேச்சாகப் பட்டது. நிறுத்திவிட்டு, "அவங்க ரொம்பக் கவனமான ஆளும்மா. நான்தான் கவனமில்லாத ஆள்" என்றேன்.

அந்தப் பெண், "அவங்க பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டார். ரிசீவரைக் கன்னியம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டாள். "இன்னாம்மா... கொயந்த பால் குடிக்குதா... சரி... சரிம்மா, இன்னிக்கே வரேன்" என்றாள்.

ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"மூணு மாசம் முடிஞ்சா இங்க வந்துடு கன்னியம்மா" என்றார் டாக்டரம்மா.

"பார்க்கலாம்மா" என்றாள் அவள். குறைமாதப் பிள்ளையின் கட்டிலருகே போய்க் குனிந்து, அதன் இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அடையாறு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் மறுபடி அந்த வீட்டுக்கு வேலைக்கு வரவே இல்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் என் பையை எடுத்தேன். டாக்டரம்மா பின்கட்டிலிருந்து, அலசிப் பிழிந்த துணிகள் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அலமாரிக்கு முன்னால் வைத்தார்.

"எங்க கிளம்பறேள்? கையை அலம்பிண்டு வாங்கோ" என்றார். "இத்தனையையும் நான் ஒருத்தியா போட முடியாது."

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். முதல் துணியை நான் கம்பியில் போட்ட விதத்தைப் பார்த்துவிட்டு, அதை எடுத்து உதறி, சுருக்கம் நீக்கி, இப்படித்தான் போட வேண்டும் என்று காட்டினார். இரண்டாவது துணியைப் போட்டேன். அதையும் எடுத்து மறுபடி போடச் சொன்னார்.